ஒப்பிடுவதற்கு என் ரத்தம்

என் அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இன்னொரு குழந்தை பெற்றுக்கொண்டால் அதற்கும் இப்படி வருமா? மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் பாலக்கோடு பஸ்ஸுக்கு நின்றபடி, வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் மகளுக்கு அப்போது நாலு வயது. மூன்று வயதில்தான் நடக்க ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள், என் பின்னலைப் பிடித்து இழுப்பாள். அம்மா என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், ஸ்டெம் செல்லை நரம்பு செல்லாக வளர்க்கும் வேலையில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். நிதானம் என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பதில் தெரிகிறதோ இல்லையோ, கேள்வி முடியும் முன்பே வாய் திறந்துவிடும். "கண்டுபிடிச்சுச் சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். பஸ் வந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட்டில் வந்தது விசித்திரமான செய்தி. குழந்தையின் ஜீன்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஜீனே இல்லாத ஓர் இடத்தில், டி.என்.ஏ.வில் ஒரு சின்னத் துண்டு காணாமல் போயிருந்தது. அதனால்தான் குழந்தை பேசவில்லையா என்பது தெரியாது, பெற்றோரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பெற்றோரின் ரத்தத்தைப் பார்த்தால், அந்தக் குறை யார் வழியில் வந்தது, அல்லது குழந்தையிடம் புதிதாக உண்டானதா என்று தெரிந்துவிடும். அக்காவின் மாமியார் ஒரே பிடியாக நின்றார். "தெரிஞ்சு என்னாவப் போவுது? ஏதாச்சும் ஒரு வூட்டு மேல பழி விழும். அப்புறம் சம்பந்திங்கன்னு ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் எப்புடி முழிக்கறது?" என்றார். அதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு வண்டி பிடித்துப் பென்னாகரம் பக்கம் முனியப்பன் கோயிலுக்குப் போனார்கள். குழந்தையின் ரத்தத்தைத் தவிர இரண்டு வீட்டிலும் வேறு யாரும் இந்த விஷயத்துக்கு ரத்தம் கொடுப்பதில்லை என்று, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். எங்கள் வீட்டுக்காக அப்பா அணைத்தார். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள்.

நான் சிரித்தேன். பெங்களூரில் இருந்துகொண்டு சிரிப்பது சுலபம். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தியம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இந்த மாதிரிக் குறைகளில் பல, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாக உண்டாகிறவை என்று படித்திருந்தேன். இதுவும் அப்படித்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எழுதியதோடு நிற்காமல் அக்காவிடமும் சொன்னேன். "இது புதுசா வந்ததுக்கா. உன் தப்பும் இல்ல, மாமா தப்பும் இல்ல." போனின் அந்தப் பக்கம் அவள் வெகுநேரம் அழுதாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் காபி குடிக்கப் போனேன்.

குழந்தையின் செல்லை வைத்து ஆராய்ச்சி செய்யலாம் என்று என் கைடிடம் சொன்னபோது அவர் உடனே மறுத்தார். சொந்தக்காரர் செல்லில் வேலை செய்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்றார். நான் விடவில்லை. அடம் பிடித்தே காரியம் சாதிப்பவள் என்று வீட்டில் எனக்குப் பேர் உண்டு. அனுமதிக் குழு, படிவங்கள், கையெழுத்துகள் எல்லாம் முடிந்து குழந்தையின் ரத்தம் எங்கள் கூடத்துக்கு வந்து சேர ஒரு வருடம் ஆனது. அக்கா அந்த ஒரு வருடத்தில் நான்கு முறை கேட்டாள். "ஏண்டி, எனக்கு முப்பத்தி நாலு ஆச்சு. இன்னும் எவ்வளவு நாளு?" நாலு முறையும் சீக்கிரம் என்றேன்.

நான் செய்கிற வேலையை அக்கா வீட்டுக்காரருக்கு விளக்கியது ஞாபகம் இருக்கிறது. மாமாவுக்குத் தக்காளித் தோட்டம், நாலு மாடு. சனிக்கிழமை மத்தியானம் போய் ஞாயிறு காலையிலேயே நான் பையைத் தூக்குவது அவருக்குப் பிடிக்காது.

"இருந்துட்டுப் போ. அப்படி என்ன தலைபோற வேலை?"

"செல்லுக்குத் தீனி மாத்தணுங்க மாமா. ஒரு நாள் விட்டாலும் செத்துப் போயிடும்."

"எங்க மாட்டுக்காவது பக்கத்து வூட்டுக்காரங்க தண்ணி காட்டுவாங்க. உங்க ஊர்ல அதுக்குக் கூட ஆள் இல்லையா?"

விளக்கினால்தான் விடுவார் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும், கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன உருண்டைக்குள், இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. மடிந்து கிடக்கிறது. கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் அதே நூல்தான். எந்த இடம் எந்த இடத்தைத் தொடும்படி மடிகிறது என்பது மட்டும் செல்லுக்குச் செல் வேறு. எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லில், நரம்புக்கு வேண்டிய ஜீன்களில் பல அந்த உருண்டையின் ஓரச் சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. அது நரம்பு செல்லாக மாறும்போது நூல் மடிப்பு மாற்றிக்கொள்கிறது. தூங்கின ஜீன் சுவரை விட்டு உள்ளே வருகிறது. நூலில் எங்கோ தொலைவில் கிடக்கிற அதன் சுவிட்ச் வளைந்து வந்து அதைத் தொடுகிறது. ஜீன் விழிக்கிறது. ஒரு ஜீனின் சுவிட்ச் பக்கத்து ஜீனைத் தொட்டுவிடாமல் இருக்க நடுவில் தடுப்புகள் இருக்கின்றன.

"வரப்பு மாதிரியா?" என்றார் மாமா.

கால் மணி நேரமாக நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது அவருக்கு ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. ஆமாம், குழந்தையிடம் காணாமல் போனது அந்த வரப்பில் ஒரு துண்டுதான் என்றேன்.

"வரப்பு ஒடஞ்சா பாயற தண்ணி பக்கத்து வயலுக்குப் போயிடும். இந்த வயலு காயும்" என்றார். குழந்தை அப்போது காலி தக்காளிக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தாள். அந்த பிளாஸ்டிக் கூடைகள்தான் அவளுக்கு உலகம். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எங்கள் கூடத்திலும் அந்தச் சொல் நுழைந்துவிட்டது. தமிழே தெரியாத கைடும் மீட்டிங்கில் வரப்பு என்றுதான் சொல்வார்.

இந்த மாதிரி ஆராய்ச்சியில் குழந்தையின் செல் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, குறை இல்லாத ஒருவரின் செல் வேண்டும். அதைத்தான் கண்ட்ரோல் என்போம். யாரோ ஒருவருடைய செல்லை வைத்து ஒப்பிட்டால், ஆளுக்கு ஆள் உள்ள ஆயிரம் வித்தியாசங்களில் இந்த ஒன்று தொலைந்து போகும். அதே குடும்பத்தில் ஆரோக்கியமான ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது என்று பேச்சு வந்தது. நான் அந்த இடத்திலேயே சட்டைக் கையை மடித்துவிட்டேன். அதற்கும் படிவம், அதற்கும் அனுமதி. ஊசி ஏறியபோது அப்பாவின் உள்ளங்கை எனக்கு ஞாபகமே வரவில்லை. அது ரத்தமாகவே எனக்குத் தோன்றவில்லை. அது சாம்பிள். டப்பாவின் மேல் கண்ட்ரோல் என்று என் கையாலேயே எழுதினேன். இந்தக் கண்ட்ரோலை முதலில் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கைடுக்கும் தோன்றவில்லை. பேச்சு வராத குழந்தைக்கு ஒப்பிட, தேவைக்கு மேல் பேசுகிற சித்தி. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

இரண்டு பேரின் ரத்த செல்களையும் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கினேன். அதற்கே மாதக்கணக்கில் ஆனது. பிறகு அவற்றை நரம்புப் பக்கம் தள்ளினேன். ஒரே இன்குபேட்டரில், ஒரே தட்டில், அவளுடைய டப்பாவும் என்னுடைய டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நெருக்கியடித்துக் கிடந்த உருண்டைகள் மெல்ல நீண்டன, பிறகு மெல்லிய இழைகளை நீட்டி ஒன்றையொன்று தேடின. மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. குழந்தையின் செல்களும் என்னுடையதைப் போலவே நன்றாக இழை விட்டன. இங்கே இவ்வளவு சமர்த்தாக இருக்கிறாய், அங்கே வாயைத் திறந்தால் என்ன என்று ஒரு நாள் சத்தமாகவே திட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

நூலின் மடிப்பை நேரே பார்க்க முடியாது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களை ஃபார்மலினில் அப்படியே உறைய வைத்து, நூலை வெட்டி, தொட்டவற்றைத் தொட்டவற்றோடு ஒட்டி, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று படிக்க வேண்டும். கடைசியில் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் வரும். ஒன்றுக்குள் ஒன்று அதிகம் தொட்டுக்கொள்ளும் பகுதிகள் சிவப்பு முக்கோணங்களாகத் தெரியும். இரண்டு முக்கோணங்களுக்கு நடுவில் வெளுத்த இடைவெளி இருந்தால் அதுதான் வரப்பு.

குழந்தையின் வரைபடம் முதலில் வந்தது. நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் வெளுப்பு மங்கி, சிவப்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கசிந்திருந்தது. கைடு என் தோளில் தட்டினார். அக்காவுக்கு அப்போதே போன் செய்யத் துடித்தேன், கண்ட்ரோல் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்கு நாள் கழித்து என் வரைபடம் வந்தது. அதிலும் சிவப்பு கசிந்திருந்தது. அதே இடத்தில், அதே அளவுக்கு.

டப்பாவை மாற்றிவிட்டாய் என்றார் கைடு. நானும் அதையே நம்பினேன், நம்ப விரும்பினேன். எங்களில் ஒருவர் ஆணாக இருந்திருந்தால் டப்பா மாறியது உடனே தெரிந்திருக்கும், இரண்டு பேரும் பெண். அடையாளப் பரிசோதனை செய்தோம். டப்பா மாறவில்லை. உறைய வைத்திருந்த செல்லை எடுத்து மறுபடி முதலிலிருந்து வளர்த்தேன். அந்த இரண்டு மாதமும் நான் ஒழுங்காக ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குவேன். அக்கா போன் செய்தால் இன்குபேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துவிடுவேன். இன்குபேட்டர் அவ்வளவு சத்தம் போடாது.

மறுபடியும் அதேதான் வந்தது.

குழந்தையிடம் இல்லாத அந்தத் துண்டு என்னிடமும் இல்லை. அப்படியானால் அது புதிதாக வந்ததில்லை. எங்கள் அப்பா அல்லது அம்மாவிடமிருந்து எனக்கும் அக்காவுக்கும் வந்து, அக்காவிடமிருந்து குழந்தைக்குப் போயிருக்கிறது. இரண்டு வீடும் சூடம் அணைத்து மூடி வைத்ததை நான் என் கையை நீட்டித் திறந்துவிட்டேன். அதைவிட மோசம், வரப்பு உடைந்ததால்தான் குழந்தை பேசவில்லை என்று நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த பதிலே கையை விட்டுப் போய்விட்டது. உடைந்த வரப்போடு நான் இருபத்தேழு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கைடு என்னை உட்காரச் சொன்னார். இது ஆராய்ச்சி முடிவு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இல்லை, முறையாக வேறு பரிசோதனை செய்து, அதற்கென்று இருக்கும் ஆலோசகர் வழியாகத்தான் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், நீ வாய் திறக்காதே என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் தலையாட்டினேன். மறுநாள் காலை முதல் வேலையாக ஓசூர் பஸ் ஏறினேன். ராயக்கோட்டை தாண்டும்வரை திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். திரும்பியிருந்தால் மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளிடம் சொல்லியிருப்பார். அவளிடம் பொய் சொன்னது நான்.

அக்கா தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். மாமா முதல் லோடோடு மண்டிக்குப் போயிருந்தார். குழந்தைக்கு ஏழு வயது முடிந்திருந்தது. கால் மடங்கி, கூடை பிதுங்க, அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பின்னலுக்குக் கையை நீட்டினாள்.

"என்னடி திடுதிப்புன்னு? சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"எனக்கும் இருக்குக்கா."

"என்ன இருக்கு?"

"பாப்பாவுக்கு இருக்கற அதே குறை. ஒப்பிட்டுப் பாக்க என் ரத்தத்தக் குடுத்தேன். எனக்கும் வரப்பு ஒடஞ்சிருக்கு, அதே எடத்துல."

கையில் இருந்த தக்காளியோடு நின்றாள். தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள்.

"அப்போ நீ எப்புடிப் பேசற?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கள் கூடத்தில் இரண்டு மாதமாக நடந்த மீட்டிங்குகளில் ஒருவரும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. வேறு ஒரு சுவிட்ச் எனக்குக் கைகொடுத்திருக்கலாம், குழந்தையிடம் நாங்கள் இன்னும் பார்க்காத இன்னொரு குறை இருக்கலாம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"தெரியலக்கா" என்றேன்.

கோபம் பிறகுதான் வந்தது. "உனக்கும் அதே, அவளுக்கும் அதே. நீ பெங்களூர்ல உக்காந்து இங்கிலீசுல பேசற. இவ என்னைய ஒருக்கா கூட அம்மான்னு கூப்புடலையேடி." தக்காளியைப் பக்கத்துக் கூடையில் எறிந்தாள். அது பிளந்து விதை சிதறியது. எனக்குப் பேச்சு வந்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "நம்ம வூட்டு வழியாத்தான் வந்திருக்கு. உனக்கும் இருக்கும்."

"புதுசா வந்ததுன்னு சொன்னியே."

"தெரியாம சொன்னேன்."

"அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான்டி இத்தன வருசம் என் மாமியா மொகத்தப் பாத்துப் பேசினேன்."

அவள் என்னை விட்டுவிட்டு இரண்டு சால் தள்ளிப் போய்ப் பறிக்க ஆரம்பித்தாள். நான் தோட்டத்து ஓரத்தில் நடந்தேன். சொட்டுநீர்க் குழாயை மிதித்தேன், மண்கட்டியை உடைத்தேன், பம்பு ரூம்வரை போய்த் திரும்பினேன். கைடு இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். மூன்று கூடை நிரம்பியபிறகு அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாள்.

"மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன். மாமியாகிட்டயும் நானே சொல்றேன். ரெண்டு நாளு கத்தும், மூணாம் நாளு சோறு போட்டுக் கூப்புடும்" என்றாள். பிறகு, "நான் கேட்டதுக்கு இப்பவாவது பதில் சொல்லு. இன்னொண்ணு பெத்தா, அதுக்கும் வருமா?"

இந்த முறை யோசித்துத்தான் பேசினேன். "முதல்ல ஆஸ்பத்திரில உன் ரத்தத்தப் பாக்கணும், நான் சொல்றது ரிப்போர்ட் இல்ல. உனக்கு இருந்தா, குழந்தைக்கு வரலாம், வராமயும் போவலாம், பாதிக்குப் பாதி. வந்துட்டாலும் என்ன ஆவும்னு யாராலயும் சொல்ல முடியாது. பாப்பா மாதிரியும் இருக்கலாம். என்னை மாதிரியும் இருக்கலாம்."

அக்கா குனிந்து குழந்தையைக் கூடையிலிருந்து தூக்கினாள். ஏழு வயதுப் பிள்ளை, காலெல்லாம் தொங்கியது. இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ பொறந்தப்ப அம்மாவுக்கு மஞ்சக் காமாலை. எனக்கு ஒம்பது வயசு. ஒரு வருசம் நீ இந்த இடுப்புலதான்டி கெடந்த. ரெண்டு மாதிரியும் வளத்துப் பாத்தவ நான். பெத்துக்கறேன்" என்றாள். குழந்தை என் பின்னலை எட்டிப் பிடித்தாள். அக்கா அவள் கையைப் பிரிக்கப் பார்த்து, முடியாமல், என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "உன் மாதிரி பொறந்தாதான் எனக்குப் பயம். நிக்கவே மாட்ட, வாயும் மூட மாட்ட."